மெடிக்கல் கடை டாக்டர் ஆகாது



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, தாராவியில் நமது சங்கக் கதவைத் தட்டினார் ஓர் இளந்தொழிலாளி. மனைவிக்கு ஒன்பது நாளாக உதிரம் நிற்கவில்லை. அந்தச் சந்தில் ஆம்புலன்ஸ் நுழையாது. நாற்காலியில் உட்கார வைத்து நால்வர் சாலை வரை தூக்கி வந்தோம். இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றிய பிறகே அந்தச் சகோதரி கண் விழித்தார்.

நடந்தது என்ன? நாள் தள்ளிப் போயிருந்தது. கணவர் மெடிக்கல் கடையில் "கிட்" என்று கேட்டு வாங்கி வந்தார். எத்தனை வாரம் என்று கடைக்காரர் கேட்கவில்லை. கரு மூன்று மாதத்தைத் தாண்டியிருந்தது.

அவர்களைக் குற்றம் சொல்ல நாம் இதை எழுதவில்லை. 2015-ல் இந்தியாவில் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் 100-க்கு 73 மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை.

மாத்திரை நஞ்சல்ல. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரு மருந்துகள் அவை. 9 வாரத்துக்குள், டாக்டர் சொன்னபடி எடுத்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் டாக்டர் முதலில் பார்ப்பது எதை? எத்தனை வாரம், கரு கருப்பையில்தான் இருக்கிறதா, உடம்பில் இரத்தம் போதுமா என்பதை. குழாயில் தங்கிய கருவை இந்த மாத்திரை கலைக்காது. உதிரம் கண்டதும் "கலைந்துவிட்டது" என்று நம்பியிருப்போம். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டி உயிர் போகும். கரு முழுதும் வெளியேறாமல் மிச்சம் தங்கினாலோ சீழ் பிடிக்கும். இதையெல்லாம் கடைக்காரர் கண்டுபிடிப்பாரா?

பிறகு ஏன் நம் பெண்கள் மருத்துவமனைக்குப் போவதில்லை? போலீஸ் பிடிக்கும் என்ற பயம். பெண் சிசுவா என்று பார்த்துக் கலைப்பதுதான் குற்றம். சுவரொட்டிகள் சொல்வது அதை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதியுள்ள டாக்டரிடம் கருக்கலைப்பு குற்றமல்ல. 2021-ல் திருத்திய பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை. அவர் பெயரை டாக்டர் வெளியே சொல்வதும் குற்றம். மணமாகாதவருக்கும் இவ்வுரிமை உண்டென்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொரு காரணத்தை மறைக்க வேண்டாம். மராத்தியும் இந்தியும் தெரியாமல், ஒரு நாள் கூலியையும் இழந்து, வரிசையில் நின்று ஏச்சு வாங்க யார் போவார்? மாநகராட்சி மருத்துவமனைகளில் தமிழ் தெரிந்த பணியாளர் வேண்டும் என்று நாம் கோர வேண்டும். அதுவரை, அழைத்தால் சங்கத்துச் சகோதரி ஒருவர் துணைக்கு வருவார். காரணம் கேட்க மாட்டார்.

மாத்திரையை ஏற்கெனவே விழுங்கியிருந்தால் ஒளிக்காதீர்கள். மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல், மயக்கம், தாங்க முடியாத வயிற்றுவலி கண்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். என்ன மாத்திரை, என்று விழுங்கியது என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

சம்பளப் பாக்கிக்கு நூறு பேர் திரள்கிறோம். ஊருக்குப் போக ரயில் சீட்டு வேண்டுமென்றால் நள்ளிரவிலும் நம்மை எழுப்புகிறீர்கள். வீட்டுப் பெண்ணின் உயிருக்கு மட்டும் வெட்கம் எதற்கு? அன்றும் கதவைத் தட்டுங்கள். ஒன்பதாம் நாள் அல்ல, முதல் நாளே தட்டுங்கள்.