நீக்கியவர்களும் காத்தவர்களும் வாசிக்காத தமிழ்

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் ‘சங்கதி’யும் சுகிர்தராணியின் கவிதைகளும் நீக்கப்பட்டன. மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யும் உடன் போயிற்று. துறைசார் வல்லுநர்களைக் கலக்காமல் மேற்பார்வைக் குழு எடுத்த முடிவு இது என்று கல்விக்குழு உறுப்பினர்கள் 15 பேர் எழுத்தில் மறுப்புத் தெரிவித்தனர். ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தமிழ்நாட்டு அரசியல் தலைவர்களும் கண்டித்தனர். அந்த நீக்கம் சாதிய மனநிலையின் செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதை எதிர்த்து எழுந்த குரல்களைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அவற்றுள் பெரும்பாலானவை ‘தலித் பெண் குரல் ஒன்று பாடத்தில் இருக்க வேண்டும்’ என்ற அளவோடு நின்றன. ‘சங்கதி’தான் ஏன் வேண்டும், அதன் இடத்தில் வேறொன்றை ஏன் வைக்க இயலாது என்று வாதிட்டோர் அரியர்.

இந்த வாதம் எதிர்த்தரப்புக்கே வழிவிடுகிறது. ஒரு நூலை அது கூறும் பொருளுக்காக மட்டும் பாடமாக வைத்தால், அதே பொருளைச் சற்று ‘மென்மையாக’க் கூறும் மற்றொன்றை அவ்விடத்தில் வைக்க என்ன தடை? பெண்ணின் துயரம்தானே வேண்டும், பண்டித ரமாபாய் இருக்கிறாரே என்று சொல்லிவிட இயலும். ரமாபாய் பெரிய எழுத்தாளர். அவரைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அவர் ‘சங்கதி’க்கு ஈடாகமாட்டார். காரணம் பொருளில் இல்லை, மொழியில் இருக்கிறது.

1992இல் ‘கருக்கு’, 1994இல் ‘சங்கதி’. இவ்விரு நூல்களிலும் பாமா செய்தது பாத்திரங்களைப் பேச்சுவழக்கில் பேசவைத்தது மட்டுமன்று. அதை அவருக்கு முன்பே பலர் செய்துவிட்டனர். உரையாடலில் மக்கள் தம் வழக்கில் பேசுவர். மேற்கோள்குறி முடிந்ததும் ஆசிரியர் தம் ஏட்டுத்தமிழுக்குத் திரும்பிவிடுவார். அந்த மேற்கோள்குறி ஒரு வேலி. உள்ளே தெரு, வெளியே திண்ணை. பாமா அந்த வேலியைப் பிடுங்கினார். கதைசொல்லியே தெருவின் தமிழில் சிந்திக்கிறாள், விவரிக்கிறாள், முடிவுக்கு வருகிறாள். ‘சங்கதி’யில் தொடர்கதை என்று எதுவும் இல்லை. பாட்டியும் தாயும் தோழியரும் பேசும் பேச்சு, சடங்குப் பாட்டு, பேய்க்கதை, வசவு ஆகியவற்றால் ஆனது அந்நூல். கணவனின் அடிக்கு நடுத்தெருவில் வசவால் பதில் சொல்லும் ராக்கம்மாவின் வாயை மூடிவிட்டு, அவள் துயரத்தை மட்டும் தனியே எடுத்துக்கொள்ள முடியாது.

லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கிலம் அக்கறையும் நேர்மையும் கொண்டது; அது இல்லையேல் தில்லி வகுப்பறைக்குப் பாமா வந்திருக்கவே மாட்டார். ஆனால் ஆங்கிலத்தில் அந்த வேலி தெரியாது, அது பிடுங்கப்பட்டதும் தெரியாது. எஞ்சுவது ஒரு சமூகத்தின் நிலை பற்றிய செய்தி. அச்செய்தியைத்தான் நம் வகுப்பறைகள் கற்பித்தன, தேர்வில் கேட்டன, 2021இல் காக்கவும் முயன்றன.

இதே பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுதான் 2011 அக்டோபரில் ஏ.கே. ராமானுஜனின் இராமாயணக் கட்டுரையை வரலாற்றுப் பாடத்திலிருந்து நீக்கியது. அவரும் எழுத்தாளர், ஆசிரியர். வால்மீகியின் அகலிகையையும் கம்பனின் அகலிகையையும் அருகருகே வைத்து, மொழி மாறினால் கதையே வேறாகிவிடுகிறது என்று காட்டிய கட்டுரை அது. அன்றும் விவாதம் மத உணர்வு, கருத்துச் சுதந்திரம் என்ற இரு முனைகளுக்கிடையே ஓடி ஓய்ந்தது. கம்பனை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆங்கிலத் துறைகளைக் குறைகூறுவது எளிது. தமிழ்த் துறைகள் என்ன செய்தன? பாமாவைப் பற்றிய ஆய்வேடுகளை எடுத்துப் பாருங்கள். பெண்ணியச் சிந்தனைகள், சமுதாயச் சிக்கல்கள் என்று இயல்கள் வளரும். இறுதி இயல் ‘மொழிநடை’. அதில் பழமொழி, உவமை, வட்டாரச் சொல் என மூன்று பட்டியல்கள். மளிகைக் கடைக் குறிப்பேடும் இதைவிடச் சுவையாக இருக்கும். கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சுக்கும் தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. பின்னர் அதை மண்மணம் என்று கொண்டாடினோம், புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் இருக்கை தந்தது. அந்தக் கரிசலுக்கு வெகுதொலைவில் இல்லாத புதுப்பட்டியின் சேரித்தமிழை பாமா எழுதியபோது மட்டும் அது கொச்சை, இலக்கணப் பிழை. ஓர் ஆய்விதழுக்கு நான் அனுப்பிய கட்டுரையில், பாமாவிடமிருந்து மேற்கோளாகக் காட்டிய வரிகளையே பொதுத்தமிழுக்கு ‘மாற்றித் தருமாறு’ குறிப்பு வந்தது. மேற்கோளைத் திருத்தலாகாது என்ற முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த விதி, அந்தத் தமிழின் முன் செல்லாமல் போயிற்று. (இப்பதிவு இந்நடையில் இருப்பதும் தற்செயல் அன்று. ராக்கம்மாவின் தமிழில் எழுதினால் இதை ஆய்வாளர் கருத்தாக யார் வாசிப்பார்?)

பாமாவும் சுகிர்தராணியும் பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்றியவர்கள் என்பதைத் தில்லி விவாதத்தில் பலரும் போகிற போக்கில் குறிப்பிட்டனர், தகுதிச் சான்று போல. அதைவிடப் பெரிய பொருள் அதில் உண்டு. குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் சொல்லின் மீது சிவப்பு மை விழுவதை நாள்தோறும் காணும் இடம் பள்ளி வகுப்பறை. பாடநூல் தமிழைக் கற்பிக்கும் இடமும் அதுவே. எந்தத் தமிழ் எக்குழந்தையை வாயடைக்கச் செய்கிறது என்பதை அறிந்தே அவர்கள் தம் எழுத்தின் மொழியைத் தேர்ந்தனர். நாம் அதைத் தன்னிச்சையான வெளிப்பாடு, பட்டறிவின் குமுறல் என்கிறோம். சிந்தித்து எடுத்த மொழி முடிவாக அதை ஏற்க நம் கல்விப்புலத்துக்கு மனம் வரவில்லை.

தில்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பிக்கப்படுகிறது. ஆங்கிலத் துறையும் தமிழ் வகுப்பும் ஒரே வளாகத்தில் இருக்கும் பல்கலைக்கழகங்கள் இவை. ‘சங்கதி’யின் ஓர் இயலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களாக ஒளிநகல் எடுத்து, தமிழறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, அறியாதோர் ஆங்கிலப் பக்கத்தில் விரல்வைத்துத் தொடரலாம். ஒரு பிற்பகல் போதும். அதற்கு எந்தக் கல்விக்குழுவின் ஒப்புதலும் வேண்டியதில்லை.