காமிராவின் அகன்ற கண்

கைப்பேசி நுழையாத வீடு இன்று அரிது. ஆகவே காமிரா இல்லாத வீடும் அரிது எனலாம். எனினும் நல்ல படங்கள் வேண்டும் என்று தனிக் காமிராவும் லென்ஸும் வாங்குகிற குடும்பங்களும், பள்ளிகளும், பங்குகளும் இன்றும் உண்டு. அவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்பதே. "எவ்வளவு வெளிச்சம் வாங்கும்?" என்று கேட்பவர் சிலரே. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

லென்ஸின் மீது 'எஃப்' என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். லென்ஸின் குவியத் தூரத்தை, ஒளி நுழையும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது அவ்வெண். 50 மி.மீ. லென்ஸில் துவாரம் 25 மி.மீ. என்றால் எஃப் 2, 12.5 மி.மீ. என்றால் எஃப் 4. எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்று கணக்கு வகுப்பில் படித்திருக்கிறோம். ஆதலால் எஃப் 2 துவாரம், எஃப் 4 துவாரத்தைப்போல் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

இதன் பயனை விழா மேடையில் காணலாம். காமிராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண ஜூம் லென்ஸை நீட்டினால், அதன் துவாரம் பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்குக் குறுகிவிடும். மங்கலான விளக்கில் அதற்கு விநாடியில் 15-ல் ஒரு பங்கு நேரம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் நடனமாடும் சிறுமியின் கை அசைந்து, படத்தில் புகைபோல் ஆகிவிடும். எஃப் 1.8 லென்ஸோ ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை வாங்கும். 150-ல் ஒரு பங்கு நேரமே அதற்குப் போதும். விரல்களின் முத்திரைகூடத் தெளிவாக விழும். விழாவிற்கு வர இயலாத பெற்றோருக்கு அந்தப் படந்தானே விழா?

"இருட்டுக்குத்தான் ஃப்ளாஷ் இருக்கிறதே!" என்பர் சிலர். திருப்பலியில் எழுந்தேற்ற வேளையில் கண்ணைப் பறிக்கும் ஒளி வெட்டினால் பக்தி கலையாதா? பாஸ்கா இரவில், இருண்ட ஆலயத்தில் மெழுகுதிரிகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் அழகை ஃப்ளாஷ் அழித்துவிடும். வெளுத்த முகங்களே எஞ்சும். படத்திற்காக நிகழ்ச்சியைக் கெடுப்பது முறையன்று.

இந்த உண்மையை அறிஞர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். 1839-ல் டாகேரின் புகைப்பட முறை வெளியானபோது, ஒருவர் தம் முகத்தைப் படமெடுத்துக்கொள்ள நிமிடக்கணக்கில் அசையாது அமர வேண்டியிருந்தது. மறு ஆண்டே வியன்னா கணிதப் பேராசிரியர் பெட்ஸ்வால், ஏறத்தாழ எஃப் 3.6 துவாரமுள்ள லென்ஸை வகுத்து அத்துன்பத்தைப் பெரிதும் குறைத்தார். 1920-களின் இறுதியில் ஜெர்மானியரான எரிக் சாலமன், எர்மனாக்ஸ் காமிராவின் அகன்ற லென்ஸைக்கொண்டு, நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் ஃப்ளாஷ் இன்றியே படமெடுத்தார். 1975-ல் வெளிவந்த 'பாரி லிண்டன்' திரைப்படத்தில், மெழுகுதிரி ஒளியிலேயே காட்சிகளை எடுக்க இயக்குநர் குப்ரிக் எஃப் 0.7 லென்ஸைப் பயன்படுத்தினார். அது முதலில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக உருவாக்கப்பட்டது.

மறுப்புகளும் இல்லாமல் இல்லை. துவாரம் அகன்றிருந்தால் ஒரு முகம் தெளிந்து, பின்னாலுள்ள முகங்கள் மங்கும் என்பது மெய். ஆனால் வகுப்புப் படம் எடுக்கும்போது துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாமே! அகன்றதைச் சுருக்கலாம், குறுகியதை அதன் எல்லைக்குமேல் அகற்ற முடியாது. காமிராவின் ஒளியுணர்வைக் கூட்டினால் போதாதா என்றால், அளவு மீறும்போது படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும். விளையாட்டு விழாவிற்கு ஜூம் லென்ஸ் தேவையே. ஆனால் அங்கே சூரியன் தாராளமாக ஒளி தருகிறான். மண்டபத்திலோ நாம் இரண்டடி முன்னே நகரலாம். இல்லாத வெளிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

மிக அகன்ற லென்ஸ்கள் விலையும் எடையும் மிகுந்தவை. அவற்றை நாங்கள் கேட்கவில்லை. 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ், பெரும்பாலான நிறுவனங்களின் விலை குறைந்த லென்ஸ்களுள் ஒன்று. பெற்றோரின் பணத்தில் வாங்கும் பொருள் பகட்டுக்காக இராமல் பயனுக்காக இருக்கட்டும்.

பெரிய விளக்குகள் எப்போதும் முன்வரிசைக்கே விழுகின்றன. பின்வரிசையில், அரை இருளில் நின்று பாடுகிற சிறுமிக்கும் ஒரு முகம் உண்டு. அவளைத் தொந்தரவு செய்யாமல், அவள் இருக்கும் வெளிச்சத்திலேயே அவளைக் காணவல்ல லென்ஸையே நாம் தேர்ந்தெடுப்போமாக!