எர்த் வயரை வெட்டாதீங்க, உண்டியல் காசையும் வீணாக்காதீங்க

தேவாரம் கேட்க வேண்டிய ஸ்பீக்கரில் "ம்ம்ம்"னு இரைச்சல். உடனே சிலர் "புது செட் வாங்குவோம்"ங்கிறாங்க. வேற சிலர் "பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் வயரை வெட்டு, சத்தம் நின்னுடும்"ங்கிறாங்க. இரண்டுமே தப்பு.

நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் ஒரு சுவரில், ஆம்ப்ளிஃபயர் வேற சுவரில் சொருகினா, இரண்டு எர்த்தும் ஆடியோ வயர் வழியா வளையமாகி அந்த இரைச்சலை உள்ளே கொண்டு வருது. புது செட் வாங்கினாலும் அதுவும் இரையும்.

முதல்ல சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. சத்தம் நின்னா கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. இரண்டுக்கும் ஒரே சாக்கெட்டில் இருந்து கரண்ட் எடுங்க. அப்பவும் இரைஞ்சா ஆடியோ வயரில் ஐசொலேட்டர் மாட்டுங்க. கைக்குள்ள அடங்குற சின்னப் பொருள்தான்.

எர்த்தை வெட்டினாலும் சத்தம் நிக்கலாம். ஆனா கசியுற கரண்டு எங்கே போகும்? அபிஷேகத் தண்ணியில் நின்னு ஈரக் கையால மைக் பிடிக்கிறவர் நம்ம குருக்கள். அவர் உடம்பு வழியாவா மண்ணுக்குப் போகணும்?

தைப்பூசம் வந்தா தண்ணீர்மலை வரைக்கும் தண்ணீர்ப் பந்தல், எங்கேயும் ஈரம், எங்கேயும் ஸ்பீக்கர். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிளக்கையும் திறந்து பாருங்க. வெட்டின வயர் இருந்தா இன்னைக்கே மாத்துங்க. உண்டியல் காசு பக்தர்களோட வியர்வை, குருக்களோட உயிர் அதைவிடப் பெரிசு.