காட்டுக் குதிரையா, கைவிட்ட குதிரையா?

யாழ்ப்பாணம் போய் வந்தவர்கள் எல்லோரும் நெடுந்தீவு 'காட்டுக் குதிரை' என்று படம் அனுப்புகிறார்கள். நானும் குறிகட்டுவானில் படகேறிப் போய் எடுத்தேன். ஆனால் அந்தப் பெயரை ஒப்புக்கொள்ள மாட்டேன். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து விட்டுப்போன மட்டக்குதிரைகளின் வம்சம் அவை. நான் படித்த பிரெஞ்சில் காட்டு விலங்கு 'சோவாஜ்'. மனிதனிடம் வளர்ந்து காட்டுக்குப் போனது 'மரோன்'.

வெறும் சொற்சண்டை இல்லை ஐயா. காட்டு விலங்கு என்று சொல்லிவிட்டால் தண்ணீர் வைக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. கோடையில் குட்டை வற்றினால் தாகத்திலேயே சாகின்றன. சிலரோ, பாய்ந்து ஓடும் படம் வேண்டுமென்று உச்சிவெயிலில் ஆட்டோவில் விரட்டுகிறார்கள்!

படமெடுக்க வருகிறவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கித் தொட்டிகளை நிரப்பட்டும். கொடுக்க மனமில்லாதவர் படகே ஏற வேண்டாம்.