கால்களை நீட்டக் கற்றுக்கொள்வோம்

உதவி செய்ய நம் குடும்பங்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு துக்கம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்கிறோம். தேவாலயத்தில் விருந்து என்றால் விடியற்காலையிலேயே காய்கறி நறுக்க உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் நாம் காய்ச்சலில் படுத்திருக்கும்போது, "கஞ்சி வைத்துக் கொண்டு வரட்டுமா?" என்று ஒருவர் கேட்டால் மட்டும், "ஐயோ, உங்களுக்கு எதற்குச் சிரமம்? நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுகிறோம்.

கொடுக்கத் தெரிந்த நமக்குப் பெற்றுக்கொள்ள ஏன் இவ்வளவு தயக்கம்?

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இதே தயக்கத்தைக் காண்கிறோம். இராவுணவு வேளையில் இயேசு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவத் தொடங்குகிறார். புழுதிச் சாலையில் நடந்து வந்த கால்களைக் கழுவுவது அக்காலத்தில் வேலைக்காரர்கள் செய்த வேலை. பேதுருவின் முறை வந்ததும் அவர் மறுக்கிறார். என் கால்களை நீர் கழுவவே கூடாது என்கிறார். கேட்பதற்குப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இயேசு அதைப் பணிவாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் உன்னைக் கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்.

காலை நீட்டினால் அதிலுள்ள அழுக்கு தெரியும். வெடிப்பும் புண்ணும் தெரியும். கழுவுகிறவருக்கு அந்தச் சங்கடம் இல்லை, கழுவப்படுகிறவருக்குத்தான். உதவி பெறத் தயங்கும் நம் மனத்திலும் பல நேரங்களில் இருப்பது இந்தச் சங்கடம்தான். நம் இயலாமையை மற்றவர் பார்த்துவிடுவாரே என்று பயப்படுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோம். திருமணத்தில் எழுதிய மொய்யை நினைவில் வைத்துத் திருப்பிச் செய்வோம். இவை நல்ல பழக்கங்கள். ஆனால் இந்தக் கணக்கு நோட்டை இறைவனிடமும் கொண்டுபோகிறோம். இத்தனை நாள் உபவாசம் இருந்தேன், இவ்வளவு காணிக்கை கொடுத்தேன், அதனால் என்னை நேசிப்பார் என்று எண்ணுகிறோம். ஜெபிக்கத் தவறிய வாரத்தில், இனி எந்த முகத்தோடு அவரிடம் போவது என்று ஒதுங்கிக்கொள்கிறோம். நாம் கிருபை என்றும் அருள் என்றும் சொல்வது, தகுதி பார்க்காமல் கிடைக்கும் கொடை. கைம்மாறு கொடுத்துத் தீர்க்க நினைத்தால் அது கொடையாக இராது, கடனாகிவிடும்.

இதனால் வீட்டில் ஏற்படும் இழப்பையும் பார்ப்போம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் சிகிச்சைக்குப் போகும் ஓர் அப்பா, மகன் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று தனியாகவே போய் வருகிறார். மகனோ வேலை பறிபோனதை அப்பாவிடம் சொல்லாமல், தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறான். இருவருக்கும் பாசத்தில் குறைவில்லை. ஆனால் ஒருவர் அன்பு மற்றவரைச் சேரவில்லை. அப்பா "கூட வா" என்று ஒரு முறை கேட்டிருந்தால், மகனும் மனம் திறந்திருக்கக்கூடும்.

இயேசுவே பெற்றுக்கொள்ளத் தெரிந்தவர். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அவருடைய பணிக்குப் பெண்கள் சிலர் தங்கள் உடைமையால் உதவியதை லூக்கா எழுதியிருக்கிறார். பெத்தானியாவில் மரியாள் விலையுயர்ந்த தைலத்தை அவர் பாதங்களில் பூசியபோது, வீண்செலவு என்று குறை எழுந்தது. அவரோ மரியாளின் பக்கம் நின்றார். அதன் பிறகு சில நாள்களில்தான் அவர் சீடர்களின் கால்களைக் கழுவினார். ஒருவர் காலை மற்றவர் கழுவ வேண்டும் என்றும் சொன்னார். எல்லாரும் கழுவ மட்டுமே முன்வந்தால், கால் நீட்ட யார் இருப்பார்?

பேதுரு தம்மை மறுதலிப்பார் என்பது இயேசுவுக்குத் தெரியும். அன்றிரவே அதைச் சொல்லவும் செய்தார். தெரிந்தும்தான் கழுவினார். உயிர்த்தெழுந்த பின் கடற்கரையில் பேதுருவைச் சந்தித்தபோது, கரிநெருப்பில் மீனும் அப்பமும் தயாராக இருந்தன. முதலில் சாப்பிட அழைத்தார். சாப்பிட்ட பிறகே, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். ஆடுகளை மேய்க்கும் பொறுப்பை அதற்குப் பிறகுதான் கொடுத்தார். முதலில் அன்பு, அடுத்துப் பணி. நாம்தான் இந்த வரிசையை மாற்றிக்கொண்டு களைத்துப் போகிறோம்.

இந்த வாரம் இதைச் சின்னதாகப் பழகிப் பார்க்கலாம். யாராவது உதவ வந்தால், "பரவாயில்லை" என்பதற்குப் பதிலாக "நன்றி, செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். வீட்டில் ஒருவரிடம் ஓர் உதவியைக் குறிப்பாகக் கேளுங்கள்: கிளினிக்குக் கூட வர, ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, அல்லது மனத்திலுள்ளதைக் கேட்க. ஜெப நேரத்தில் ஐந்து நிமிடம் எதுவும் கேட்காமல், எந்தப் பொருத்தனையும் செய்யாமல், அவர் அன்பில் அமைதியாக அமர்ந்திருங்கள்.

முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். பேதுருவுக்கும் அப்படித்தான் இருந்தது.