பழைய டீவியின் கணக்கை யார் தீர்ப்பது?

போன விடுமுறையில் எங்கள் வீட்டிலிருந்த, பின்பக்கம் புடைத்த பழைய டீவியை வாப்பா பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்தார். 500 ரூபாய் கிடைத்தது. ஒரு மூலை காலியானதில் உம்மாவுக்கும் சந்தோஷம். இரண்டு நாள் கழித்து டியூஷனுக்குப் போகும் வழியில் அதே டீவியைக் கண்டேன். செப்புக் கம்பி உருவப்பட்டு, கண்ணாடிக் குழாய் உடைந்து, ஒரு வெற்றுக் காணியில் கிடந்தது.

அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. வாப்பாவுக்கு 500 ரூபாய், வியாபாரிக்குச் செம்பு, நட்டம் மட்டும் அந்தக் காணிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு.

இலத்திரனியல் கழிவைப் பாதுகாப்பாகப் பிரித்தெடுக்கச் செலவாகும். அதை யார் கொடுப்பது? ஜப்பானில் 2001 முதல் டீவி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், வளிச்சீராக்கி ஆகியவற்றைக் கழிப்பவரே கட்டணம் செலுத்துகிறார். சுவிட்சர்லாந்தில் புதுப் பொருளின் விலையோடு ஒரு சிறு தொகை சேர்க்கப்படுகிறது. பழையதைக் கடையில் இலவசமாக ஒப்படைக்கலாம்.

ஜப்பான் முறை எங்களுக்குச் சரிவராது. 500 ரூபாய் தருபவர் வாசலில் நிற்கும்போது, காசு கொடுத்து ஒப்படைக்க யார் போவார்? சுவிட்சர்லாந்தின் முறையே பொருந்தும். நாம் பாவிக்கும் இலத்திரனியல் பொருட்களில் பெரும்பாலானவை இறக்குமதியாகின்றன. துறைமுகத்திலேயே இறக்குமதியாளரிடம் அந்தத் தொகையை அறவிடலாம். ஆனால் அது திறைசேரியில் கலந்துவிடாமல் தனி நிதியாக இருக்க வேண்டும். உடைக்காமல் முழுதாகக் கொண்டுவரும் இரும்பு வியாபாரிக்கு அதிலிருந்து பணம் கொடுக்க வேண்டும். செம்பை விட அதில் லாபம் என்றால் அவர் ஏன் உடைக்கப் போகிறார்?

"அப்ப சாமான் விலை ஏறுமே?" என்று உம்மா கேட்டார். உண்மைதான். இறக்குமதியாளர் அதை எங்கள் தலையில்தான் கட்டுவார். ஆனால் டீவி பார்த்தவர்கள் நாங்கள். பார்க்காதவர்கள் ஏன் தங்கள் கிணற்றாலும் பிள்ளைகளின் உடம்பாலும் அதற்கு விலை கொடுக்க வேண்டும்? அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றிச் சிறு வயதிலிருந்தே படிக்கிறோம். அந்தக் காணி ஓரத்தில் இருப்பவர்களும் எங்கள் அண்டை வீட்டார்தான்.

மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற கழிவு சேகரிப்பாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள். எங்கள் லாச்சியில் கிடக்கும் இரண்டு பழைய போன்களையும் அவர்களிடமே கொடுப்பதென்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். காசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று வாப்பாவே சொன்னார்.