மின்னஞ்சல் வாயிலில் தமிழுக்குத் தடையா?



மின்னஞ்சல் வழங்கியைப் பற்றிய பேச்செடுத்தாலே, அது கணினித் துறையினரின் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். எந்த மடலை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதை முடிவு செய்யும் விதித்தொகுப்பு ஒன்று ஒவ்வொரு வழங்கியிலும் இருக்கிறது. அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் என்று அதனைக் கூறுவர். பெற்றோர் எழுதும் மடல் பள்ளியை வந்தடைவதும் வழியிலேயே மறைந்துபோவதும் அப்பட்டியலைப் பொறுத்தவை. ஆகவே, அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று கேட்டறிவது நம் கடமை என்பதே என் கருத்து.

பட்டியல் இயங்கும் முறை எளிதானது. பள்ளி வாயிலில் நிற்கும் பாதுகாவலரை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வருகிறார், எங்கிருந்து வருகிறார், யாரைக் காண வருகிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று அவர் வரிசையாகக் கேட்பார். வழங்கியும் அவ்வாறே இணைப்பு, அனுப்புநர், பெறுநர், உள்ளடக்கம் என ஒவ்வொரு கட்டத்திலும் சோதிக்கிறது.

பல இணையத்தள வாடகை நிறுவனங்கள் பயன்படுத்தும் எக்ஸிம் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இதனைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் என்பவர் 1995-இல் எழுதத் தொடங்கினார். 2002-இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பில்தான் இப்பட்டியல்கள் இடம்பெற்றன. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். ஏற்கவோ மறுக்கவோ சொல்லும் ஒரு விதி பொருந்திவிட்டால் அதுவே முடிவு. அதற்குக் கீழுள்ளவை படிக்கப்படா. எந்த விதியும் பொருந்தாவிட்டால் மடல் மறுக்கப்படும். எனவே, விதிகளின் வரிசை மாறினால் விளைவும் மாறும்.

விதியில் எழுதக்கூடிய கட்டளைகள் பல. அவற்றுள் நான்கை நாம் தெரிந்துகொண்டால் போதும். ஏற்றுக்கொள், மறுத்துவிடு, பிறகு வரச்சொல், வாங்கிக்கொண்டு எறிந்துவிடு. இந்த நான்காவதுதான் ஆபத்தானது. மறுக்கப்பட்ட மடலுக்கு 550 போன்ற எண்ணுடன் பதில் செல்லும். அனுப்பியவருக்குத் தம் மடல் சேரவில்லை என்பது தெரிந்துவிடும். எறியப்படும் மடலுக்கோ "பெற்றுக்கொண்டோம்" என்ற பதில் செல்கிறது. அனுப்பியவர் நம்பிக் காத்திருப்பார். பெறவேண்டியவருக்கு அப்படியொரு மடல் வந்ததே தெரியாது.

இதனை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. நானறிந்த பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்று, ஒரு சிறு நிறுவனத்தின் வழங்கியில் தன் மின்னஞ்சலை வைத்திருந்தது. போட்டி விளையாட்டுக்கு முன்பாக, தம் மகனுக்கு இழுப்பு நோய் உண்டு, ஓட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்று ஒரு தாயார் இரண்டு முறை தமிழில் எழுதினார். பதில் இல்லை. பள்ளிக்கு அக்கறை இல்லை என்று அவர் மனம் நொந்தார். பின்னர், அண்டை வீட்டாரின் துணையோடு மலாயில் எழுதிய மூன்றாவது மடல் உடனே வந்து சேர்ந்தது. விசாரித்தபோதுதான், தலைப்பில் இலத்தீன் அல்லாத எழுத்து இருந்தால் மடலை எறிந்துவிடு என்ற விதி அந்த வழங்கியில் இருந்தது தெரியவந்தது. நற்பேறாகப் பையனுக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால், அதுவரை எத்தனை பெற்றோரின் மடல்கள் அவ்வாறு போயின என்பதை யார் கணக்கிடுவது?

அந்த நிறுவனம் தமிழை வெறுத்ததாக நான் கூறவில்லை. எரிதங்களின் தொல்லை உண்மையானதே. 1978-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். அன்று தொடங்கிய தொல்லை இன்றும் ஓயவில்லை. அயல் எழுத்தில் வந்து குவிந்த குப்பைகளைக் கண்டு சலித்த யாரோ ஒருவர் அவ்விதியை எழுதியிருக்கக்கூடும். ஆயினும், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? தமிழ்ப்பள்ளியின் முகவரிக்குத் தமிழில் மடல் வருவதுதானே இயல்பு?

எனவே, பள்ளிக்கோ சங்கத்திற்கோ சொந்த மின்னஞ்சல் வைத்திருப்போர் தங்கள் நிறுவனத்திடம் பின்வருவனவற்றைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

1. மொழியையோ எழுத்தையோ மட்டும் காரணமாகக் கொண்டு மடலைத் தடுக்கும் விதி உண்டா? இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

2. எறிந்துவிடும் விதி எங்கேனும் உண்டா? ஐயத்திற்குரிய மடலை வாயிலிலேயே மறுக்கட்டும். மறுக்கும் பதிலில் பள்ளியின் தொலைபேசி எண்ணையும் சேர்க்கட்டும். அப்பதில் பெரும்பாலும் இலத்தீன் எழுத்திலேயே செல்ல இயலும் என்பதால் மலாயில் எழுதலாம்.

3. பதிவு செய்த பெற்றோரின் முகவரிகளுக்குத் தனி ஏற்புப் பட்டியல் உண்டா? இதில் எச்சரிக்கை தேவை. அனுப்புநர் முகவரியைப் போலியாகப் புனைவது எளிது. ஆகவே, முகவரியை மட்டும் நம்பி நச்சுநிரல் சோதனையை விட்டுவிடக்கூடாது. முதற்கட்டத்தில் ஏற்கப்பட்ட மடல் உள்ளடக்கச் சோதனையில் வீழ்வதும் உண்டு. இரு கட்டங்களையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

4. வழங்கியின் பொறுப்பாளர் முகவரிக்கு வரும் மடல் தடையின்றிச் சேர்கிறதா? அம்முகவரியை ஏற்றே ஆகவேண்டும் என்பது 2008-இல் வெளியான மின்னஞ்சல் நெறிமுறையிலேயே உள்ளது. மடல் சேராதவர் முறையிடுவதற்கு வேறு வழி ஏது?

5. ஆண்டுதோறும் பட்டியல் புதுப்பிக்கப்படுகிறதா? ஆறாம் ஆண்டு மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். முதலாம் ஆண்டுக்குப் புதிய பெற்றோர் வருகின்றனர்.

இவற்றைக் கேட்கக் கணினிப் பட்டம் தேவையில்லை. விடை கிடைத்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். தலைப்பும் உள்ளடக்கமும் முழுமையாகத் தமிழில் அமைந்த ஒரு மடலை வெளி முகவரி ஒன்றிலிருந்து பள்ளிக்கு அனுப்புங்கள். வந்து சேர்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால், வழங்கியின் பதிவேட்டைக் காட்டுமாறு நிறுவனத்தைக் கேளுங்கள். எந்த விதி தடுத்தது என்பதை அதிலிருந்து அறியலாம்.

தாய்மொழியில் எழுதுங்கள் என்று வகுப்பறையில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர்களின் தாய்தந்தையர் அவ்வாறே எழுதும்போது, அந்த மடல் வந்து சேர வழிசெய்யவேண்டியவர்களும் நாமே. இந்தத் தவணை முடிவதற்குள் உங்கள் பள்ளியின் வழங்கியை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.